முப்பது போனில் ஒரே அம்மா

அக்காவின் நிச்சயதார்த்தத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. கெடுத்தது முப்பது போன்கள். அந்த முப்பது போன்களையும் ஒரே நேரத்தில் எங்கள் அம்மாவின் குரலில் கத்த வைத்தது மட்டும்தான் நான். அந்தக் கத்தலை நிறுத்த ஒரு வழி எழுதாமல் விட்டது சின்ன விஷயம். (சின்ன விஷயம் என்று சொன்னால் அக்கா இன்றும் கையில் கரண்டி இருக்கிறதா என்று தேடுகிறாள்.)

எங்கள் சந்து மட்டாஞ்சேரியில் இருக்கிறது, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனின் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்பக்கம். நகரசபை வேலைக்காக எப்போதோ வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பாதி, மீதிப் பாதியில் எல்லா மதமும் எல்லா பாஷையும். வீட்டுக்குள் தமிழ், வாசலில் மலையாளம், குழாயடியில் இரண்டும் சேர்ந்த ஏதோ ஒன்று. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழில் எழுதப் பழகியது வேலைக்குப் போன பிறகுதான். அதனால் இந்தக் கட்டுரையில் ஒற்று சில இடத்தில் கூடுதலாகவும் சில இடத்தில் வராமலும் இருந்தால், எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் மாதிரி என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழாய் சந்தின் முனையில் இருக்கிறது. வீடுகளிலும் இணைப்பு உண்டு, அவை அழகுக்கு. நல்ல வேகத்தில் தண்ணீர் வருவது முனைக் குழாயில்தான். எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. காலை ஏழுக்கு வந்ததும் உண்டு, மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது வந்ததும் உண்டு. மூன்று பக்கமும் காயல், மழைக்காலத்தில் கட்டிலுக்கடியில்கூடத் தண்ணீர், ஆனால் குடிக்க ஒரு குடம் வேண்டுமென்றால் காத்துக் கிடக்க வேண்டும்.

இதனால் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வந்துவிட்டால் எந்தக் காரியத்தின் நடுவிலும் எழுந்து போகலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாவு வீட்டில் அழுதுகொண்டிருப்பவர் மூக்கைச் சிந்திவிட்டுப் போய், இரண்டு குடம் பிடித்து வீட்டில் வைத்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து அழுவார். கல்யாணத்துக்கும் குடத்தோடுதான் போவார்கள். மண்டப வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் குடங்கள் வரிசையாக நிற்கும். (கிடங்குகளைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதை ஏதோ சடங்கு என்று நினைத்து விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்.)

சின்ன வயதில் எனக்கு ஒரே உத்தியோகம்தான். "ராஜி, தண்ணி வந்தாச்சா பாரு" என்பாள் அம்மா. போய்ப் பார்ப்பேன், இல்லை. வந்து சொல்வேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும் "ராஜி, வந்தாச்சா?" இப்படி நான் நடந்த நடைக்குக் காசர்கோடே போய்ச் சேர்ந்திருக்கலாம். என்னைவிட ஐந்து வயது மூத்த சுதா அக்கா மட்டும் புத்திசாலி. குழாயை ஒட்டிய வீடு நபீஸாத்தாவுடையது. அவரிடம் போய், "இத்தா, தண்ணி வந்தா எங்க கதவத் தட்டுங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வந்து பாயில் படுத்துக்கொள்வாள்.

இது எதற்கு என்றால், படித்து முடித்து காக்கநாட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலையும் இதேதான். அங்கே நாங்கள் செய்தது ஒரு ஃப்ரேம்வொர்க். கிடங்குகளில் ஈரப்பதம், சூடு, அழுத்தம் எல்லாம் பார்க்கும் சின்னச் சின்னக் கருவிகள் இருக்கின்றன அல்லவா? அவற்றோடு பேசுவதற்கான அடித்தளத்தை நாங்கள் போட்டுக் கொடுப்போம். மற்றவர்கள் அதன்மேல் தங்கள் ஆப்பைக் கட்டிக்கொள்வார்கள். அதில் ஒரு பெரிய குறை இருந்தது. கருவியில் ஏதாவது நடந்ததா என்று ஆப்தான் பத்து நொடிக்கு ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போக வேண்டும். வந்தாச்சா? இல்லை. வந்தாச்சா? இல்லை. அதாவது எல்லா ஆப்பும் பத்து வயது ராஜி.

வாடிக்கையாளர்கள் கேட்டது சுதா அக்காவின் வழி. ஒரு தடவை பேரைப் பதிந்து வைத்தால் போதும், விஷயம் நடக்கும்போது ஃப்ரேம்வொர்க்கே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இதற்கு ஈவன்ட் லிசனர் என்று பெயர். "இதை நான் செய்யறேன்" என்று கையைத் தூக்கினேன். பிறந்ததிலிருந்து இதற்குத்தானே பயிற்சி எடுத்தேன்!

மூன்று நாளில் எழுதி முடித்தேன். பதிந்துகொள்பவர்களுக்கு ஒரு பட்டியல். நடந்தால் அந்தப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரு கூவல். அழகாக வந்திருந்தது, என் கண்ணே பட்டுவிடும்போல. எங்கள் குழுத் தலைவர் பினு சேட்டன் என் நிரலை மேலிருந்து கீழே வரை படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். அவர் மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"பேரைச் சேர்க்க வழி இருக்கு. எடுக்க வழி எங்கே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "தண்ணி வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்களா சேட்டா?" என்றேன்.

"என்ன தண்ணி?"

"சும்மா, ஓர் உதாரணத்துக்கு."

"சரி, ஒரே ஆள் ரெண்டு தடவை பேர் கொடுத்தா?"

"யார் அப்படிச் செய்யப் போறாங்க?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். (இப்போது எனக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகளை நானும் அப்படித்தான் பார்க்கிறேன். அந்தப் பார்வைக்குப் பல வருஷ அனுபவம் வேண்டும்.) "இந்த ரெண்டும் முடியாம இது வெளியே போகக் கூடாது" என்று எழுதியே வைத்துவிட்டார்.

நானும் தலையாட்டினேன். வெளியே என்றால் வாடிக்கையாளர்களிடம்தானே? எங்கள் சந்து எப்படி வெளியே ஆகும்? அது வீடு. இந்த அற்புதமான வாதத்தை நானே எனக்குச் சொல்லி, நானே ஏற்றுக்கொண்டு, பழைய அழுத்தக் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறினேன்.

கருவியை முனைக் குழாயில் மாட்டியது அப்பா. நகரசபையில் முப்பத்தெட்டு வருஷம் துப்புரவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாகக் கட்ட மாட்டார். யாரும் பிடுங்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று முதலில் சைக்கிள் டியூப், அதன்மேல் இரும்புக் கம்பி பதினாறு சுற்று, அதன்மேல் மறுபடியும் டியூப். முடித்துவிட்டு, "இனி குழாய் போனாலும் இது போகாது" என்றார்.

போனில் என்ன சத்தம் வைப்பது என்று யோசித்தபோது அம்மாவைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை. சந்தில் எல்லோருக்கும் பழகிய குரல். அடுப்படியில் போனை நீட்டினேன். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏய், தண்ணி வந்தாச்சு! ஓடி வாங்கடீ!" என்று கத்தினாள். கத்திவிட்டு, "போதுமா? எப்படிடீ இத நிறுத்துறது?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கடைசிக் கேள்வியும் பதிவாகிவிட்டது. வெட்டி எடுக்கச் சோம்பலாக இருந்தது, விட்டுவிட்டேன்.

முப்பது வீட்டுப் போன்களிலும் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். போனை சைலன்ட்டில் வைத்தாலும் இது கத்தும்படி செய்திருந்தேன். (தண்ணீர் விஷயம் அல்லவா, விளையாட்டா?) முதல் தடவை தண்ணீர் வந்தபோது சந்து முழுக்க அம்மாவின் குரல் எழுந்தது. அம்மா வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் தெருவில் நடந்தால் பெண்கள் சாயா குடிக்கக் கூப்பிட்டார்கள். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் இளைய மோள் பண்ணினதாக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பத்து நாளில் சில போன்கள் இரண்டு தடவை கத்த ஆரம்பித்தன. சில, நான்கு தடவை. ஆப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது போய்த் தன் பேரை மறுபடியும் பட்டியலில் எழுதிக்கொண்டு வந்தது. ஒரே ஆள் இரண்டு தடவை பேர் கொடுத்தால் என்ன ஆகும் என்று பினு சேட்டன் கேட்டதுதான். ஆனால் சந்து அதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டது. நான்கு தடவை கத்தினால் நல்ல ஃபோர்ஸாம், ஒரு தடவை என்றால் நூல் மாதிரித்தான் வருமாம். நபீஸாத்தா பொழுது போகாமல் ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பவர். அவருடைய போன் ஏழு தடவை கத்தியது. "எங்க வீட்டுக்கு முன்கணன உண்டு" என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார். முன்னுரிமையாம்! நானும் மறுக்காமல் அவர் சுட்டுக் கொடுத்த அரிசிப் பத்திரியைத் தின்றுவிட்டு வந்தேன்.

இந்த நிலையில்தான் அக்காவின் நிச்சயதார்த்தம் வந்தது.

மாப்பிள்ளை பிரதீப், காயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வைப்பின் தீவுக்காரர். தோப்பும்படியில் ஒரு பட்டறையில் படகு என்ஜின் பழுது பார்ப்பவர். தினமும் ஜங்காரில், அதாவது வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு காயலைக் கடக்கும் படகில், ஏறி இந்தப் பக்கம் வருவார். அதே ஜங்காரில் அந்தப் பக்கம் தையல் சொல்லிக் கொடுக்கப் போவாள் அக்கா. ஒருவர் இறங்க ஒருவர் ஏற, இப்படியே இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் நம்மைப் போலத் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் அப்பா இல்லாத பிள்ளை, பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அந்தப் பெரியப்பாவுக்கு மட்டாஞ்சேரிச் சம்பந்தமே பிடிக்கவில்லை. "அங்கே எல்லாம் ஒரே பகளம்" என்று, அதாவது ஒரே கூச்சல் என்று, சொல்லியிருந்தாராம். மாப்பிள்ளையின் அம்மா ருக்மணியம்மா சம்மதம் சொன்னாரா, சும்மா இருந்தாரா என்று யாருக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று மொத்தமே மூன்று வார்த்தை பேசினார். அதில் ஒன்று "மதி", சாயா போதும் என்று. அக்கா எட்டு மாதம் காத்திருந்து இந்த நாள் வந்திருந்தது. அன்று தட்டு மாறாவிட்டால் பெரியப்பா இன்னொரு தடவை படியேற மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இன்னிக்கு ஒரு நாள் உன் கம்ப்யூட்டர் வித்தை ஒண்ணும் வேண்டாம் ராஜி" என்றாள் அக்கா, தலையில் பூ வைத்துக்கொண்டே.

"அது அது பாட்டுக்கு இருக்கும்கா. நீ ஏன் டென்ஷன் ஆகுற?"

ஞாயிற்றுக்கிழமை. சந்தின் கோடியில் உள்ள சமுதாயக் கூடம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அதற்கு முந்தின இரண்டு நாளும் எங்கேயோ பைப் வேலை என்று சொட்டுத் தண்ணீர் இல்லை. சமையலுக்கு ட்ரம்மில் பிடித்து வைத்தது தீரப்போகிறது, பாயசத்துக்கும் கை கழுவவும் இனிமேல் வந்தால்தான் உண்டு. சந்துப் பெண்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன.

இரண்டு நாள் காய்ந்து கிடந்த குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். புஸ்ஸென்று ஒரு தள்ளு தள்ளும், நிற்கும், மறுபடியும் தள்ளும். குழாயடியில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். அங்கே மாட்டியிருந்த கருவிக்குத் தெரியாது. அழுத்தம் ஏறினால் தண்ணீர் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

பெரியவர் ஒருவர் இரண்டு குடும்பத்துப் பேரும் ஊரும் சொல்ல ஆரம்பித்தார். அப்போது முப்பது போன்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. "ஏய், தண்ணி வந்தாச்சு! ஓடி வாங்கடீ!"

சபை எழுந்தது. எழுந்தது என்ன, பறந்தது. வாசலில் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம், பிறகு சந்து முழுக்கக் கொலுசுச் சத்தம். கூடத்தில் மிச்சமிருந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து பேர், நாங்கள் நாலு பேர். வெளியே போனவர்களின் போன்கள், "போதுமா? எப்படிடீ இத நிறுத்துறது?" என்று கேட்டுக்கொண்டே தேய்ந்தன. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் அம்மாவையே பார்த்தார்கள். அம்மாவின் வாய் மூடித்தான் இருந்தது.

போனவர்கள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார்கள். காற்று. அப்பா சிரித்து மழுப்பினார். மறுபடியும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், புடவை வைத்த தட்டை அப்பா இரண்டு கையாலும் தூக்கிப் பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பாவும் கையை நீட்டினார். தட்டுக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். போன்கள் மறுபடியும் கத்தின.

அப்பாமேல் தப்புச் சொல்ல மாட்டேன். பிறந்ததிலிருந்து உடம்பில் ஊறின பழக்கம். அவர் திரும்பினார், தட்டோடு ஓடினார். வேட்டி மடித்துக் கட்டவும் நேரமில்லாமல், கூட்டத்தை முந்திக்கொண்டு, சம்பந்தத் தட்டோடு எங்கள் அப்பா குழாயடிக்கு ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். குழாய்க்குக் கீழே தட்டை நீட்டிப் பிடித்த பிறகுதான் அது குடம் இல்லை என்று அவருக்குப் புரிந்ததாம்.

கூடத்தில் பெரியப்பா எழுந்து நின்றார். நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"நீட்டின தட்டத் திருப்பிக் கொண்டுபோனா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்" என்றார். "பொண்ணு குடுக்க மனசில்லேன்னா நேரா சொல்லலாம் அல்லே? எதுக்கு இந்த நாடகம்? எழுந்திருங்க எல்லாரும்."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மை கலையக் கூடாதென்று கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். ஜங்காரில் இரண்டு வருஷம், வீட்டில் எட்டு மாதம், எல்லாம் நான் மூன்று நாளில் எழுதிய ஒரு பட்டியலால் போகப்போகிறது.

"எல்லாரும் ஆப்ப மூடுங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் இதைவிட முட்டாள்தனமாக எதுவும் சொன்னதில்லை. மூடுவதற்காக எல்லோரும் முதலில் அதைத் திறந்தார்கள். திறந்த ஒவ்வொரு ஆப்பும் கடமை தவறாமல் போய்ப் பட்டியலில் இன்னொரு தடவை பேர் எழுதிக்கொண்டது. அடுத்த காற்றுக்கு, இரண்டு தடவை கத்திய போன் மூன்று தடவை கத்தியது. திரும்பத் திறந்து பார்த்தார்கள், ஐந்து ஆயிற்று. நபீஸாத்தா பதறிப்போய் பதினெட்டு வரை கொண்டுபோய்விட்டார். "மோளே, இது நிர்த்தான் எந்தா வழி?" என்று அவர் என்னைக் கேட்க, அவர் கையிலிருந்த போனில் அம்மாவும் அதையே என்னைக் கேட்டாள்.

பட்டியலிலிருந்து பேரை எடுக்க வழி? இல்லை. எழுதவில்லை. தண்ணீர் வேண்டாமென்று யார் சொல்லப்போகிறார்கள்?

குழாயடிக்கு ஓடிக் கருவியையே பிடுங்கப் பார்த்தேன். அப்பாவின் பதினாறு சுற்றில் நான் இரண்டு சுற்றுப் பிரிப்பதற்குள் நகம் இரண்டு போயிற்று. திரும்பி வந்தபோது உண்மையான அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பாயசத்துக்கு வைத்திருந்த காலி அண்டாவை நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டு, முப்பது போன்களையும் பிடுங்கி உள்ளே போட்டு, மூடி, மேலே அரிசிச் சாக்கை வைத்து, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். அண்டாவுக்குள்ளிருந்து நூறு அம்மாக்கள் ஓடி வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே உட்கார்ந்திருந்தவள், "மன்னிக்கணும், எங்க எளைய பொண்ணு கொஞ்சம் படிச்சவ" என்றாள். (இதைவிட மோசமாக யாரும் என்னை அறிமுகப்படுத்தியதில்லை.)

பெரியப்பா எதையும் கேட்கவில்லை. வாசலுக்குப் போய்விட்டார். ஆனால் அவர் செருப்பு கிடைக்கவில்லை. இரண்டு தடவை ஓடித் திரும்பியதில் குடங்கள் எல்லாம் செருப்புகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. அவர் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். பிரதீப் சேட்டன் பக்கத்தில் நின்று, "பெரியப்பா, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று நாற்பது.

அண்டா மறுபடியும் கத்தியது. ஒருத்தரும் அசையவில்லை. எங்கள் சந்துச் சரித்திரத்தில் முதல்முறையாகத் தண்ணி வந்தாச்சு என்ற வார்த்தைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது ருக்மணியம்மா தலையைத் திருப்பினார். காதில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு வெளியே கவனித்தார்.

"இது காத்தில்ல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் எழுந்து முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகினார். "காத்து சீறும். இது களகளங்குது. தண்ணியாக்கும். எங்க வைப்பின்ல ஒரு காலத்துல வள்ளத்துல தண்ணி வரும். வள்ளம் கரை அடுக்கறதுக்கு முன்னே சத்தம் கேட்டு அடுப்ப விட்டு எறங்கினவ நான். எனக்கா தெரியாது?"

அவர் வாசலுக்கு வந்து வரிசையில் முதல் குடத்தைத் தூக்கினார். அதன் அடியில் பெரியப்பாவின் செருப்பு இருந்தது.

"சேட்டா, செருப்பு கிடைச்சாச்சு" என்றார். "போறதுன்னா போங்க. நான் ரெண்டு குடம் பிடிச்சிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். மாப்பிள்ளையின் அம்மா, கையில் எங்கள் வீட்டுக் குடம். பிறகு அண்டா மேலிருந்து அம்மா குதித்து, "அய்யோ சம்மந்தி, நீங்க எடுக்கக் கூடாது!" என்று பின்னாலே ஓடினாள். அவளுக்குப் பின்னால் சந்து மொத்தமும் ஓடியது.

தண்ணீர்! கைத்தண்டி கனத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் போகும்போது ருக்மணியம்மாவின் முதல் குடம் நிறைந்திருந்தது. அவர் நகராமல் அங்கேயே நின்று வரிசையைக் கவனித்தார். "கல்யாணச் சமையலுக்கு மொதல்ல, பின்னே வீட்டுக்கு. தள்ளாதே. நீ அங்கே நில்லு." பெண் பார்க்க வந்த அன்று மூன்றே வார்த்தை பேசியவர் இவர்தான். அம்மா பக்கத்தில் நின்று குடம் மாற்றிக் கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் இருவரும் பல வருஷம் ஒரே குழாயில் சண்டை போட்டவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

நபீஸாத்தாதான் குழாயை ஒட்டியிருந்த மேட்டைக் காட்டினார். அப்பா தட்டை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். வெற்றிலை நனைந்து பளபளவென்று இருந்தது.

"மணி எத்தனை?" என்று ருக்மணியம்மா கேட்டார்.

"பத்து நிமிஷம் இருக்கு" என்றாள் அக்கா. நிச்சயப் பெண் எப்போது குழாயடிக்கு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் கையிலும் ஒரு குடம்.

"தண்ணி நிக்காது, எமகண்டமும் நிக்காது. இங்கேயே மாத்திடலாம். டேய் பிரதீபா, பெரியப்பாவக் கூட்டிட்டு, நம்ம தட்டக் கொண்டு வா."

பெரியப்பா வந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. ஆனால் வந்தார். ஈரத்தில் நின்று இரண்டு தட்டும் மாறின. குடம் வைத்திருந்த கைகளால் தட்ட முடியாமல் வாய் மட்டும் குலவையிட்டது. அக்கா அப்போதுதான் அழுதாள். மை எல்லாம் வழிந்தது, குழாயடியில்தான் நின்றாள், கழுவிக்கொண்டாள். நானும் அழுதேன். எனக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை பினு சேட்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்போ எத்தனை பேருக்குத் தண்ணி வேண்டாம்?" என்றார்.

"முப்பது வீட்டுக்கும், சேட்டா."

அன்று மாலைக்குள் பேரை எடுக்கும் வழியையும் எழுதினேன், ஒருவர் பேர் இரண்டு தடவை ஏறாமல் பார்க்கும் வழியையும் எழுதினேன். அந்த ஃப்ரேம்வொர்க்கின் விளக்கக் குறிப்பில் உதாரணமாக இருப்பது இன்றும் 'தண்ணி வந்தாச்சு' என்ற நிகழ்வுதான். அது என்ன என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சில சமயம் எழுதிக் கேட்கிறார்கள். எங்கள் ஊர் வழக்கம் என்று பதில் போடுகிறேன்.

சந்தில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேரை எடுத்துக் கொடுத்தேன். முதலில் எடுக்கச் சொன்னவள் அம்மா. தன் குரலைத் தானே கேட்டுக் கேட்டு அவளுக்குத் தலைவலி வந்துவிட்டதாம். நபீஸாத்தா மட்டும் பதினெட்டை ஏழாகக் குறைத்தால் போதும் என்று கடைசிவரை பேரம் பேசினார்.

வீட்டில் யாராவது சாப்பாட்டை விட்டு அவசரமாக எழுந்தால், "தட்ட வெச்சிட்டுப் போங்கோ" என்று எல்லோரும் அப்பாவைப் பார்த்துச் சொல்வது இப்போதும் நடக்கிறது. இதில் முதல் குரல் பெரியப்பாவுடையது. நான் என் வேலையைப் பற்றி யாரிடமாவது விளக்க ஆரம்பித்தால் பிரதீப் சேட்டன் ஓர் அண்டாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்.

ருக்மணியம்மாவின் போனில் அன்று அந்த ஆப் இல்லை. கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, தன் பேரையும் சேர்க்கச் சொன்னார். "அம்மா, இது மட்டாஞ்சேரிக் குழாயாக்கும். உங்களுக்கு எதுக்கு?" என்றேன். "சேர்த்து வை" என்றார், அவ்வளவுதான். எப்படி எடுப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டு வாசலிலிருந்து நாற்பது அடியில் உள்ள குழாயில் தண்ணீர் வந்தால், காயலுக்கு அந்தப் பக்கம் வைப்பினில் ஓர் அடுப்படியில் அம்மாவின் குரல் கத்துகிறது. ஓடி வரச் சொல்கிறது, எப்படி நிறுத்துவது என்று கேட்கிறது. ருக்மணியம்மா அதை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, போனை எடுத்து அம்மாவைக் கூப்பிடுகிறார்.

"சம்மந்தி, உங்க வாசல்ல தண்ணி வந்தாச்சு. குடத்த எடுத்துட்டுப் போங்க."